தேவ்நார் காலி நிலம் அல்ல

போன மழைக்காலத்தில் தாராவியில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். மறுசீரமைப்புத் திட்டத்தில் தகுதி இல்லாதவர்கள் என்று பட்டியலில் விழுபவர்களைத் தேவ்நார் குப்பைக் கிடங்கு நிலத்துக்கு அனுப்பப் போகிறார்கள் என்பதை எதிர்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். பேசியவர் ஆவேசம் பொங்க, “அது மனுசன் இருக்கிற இடமாய்யா?” என்று கேட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். எனக்குப் பக்கத்தில் தங்கை வீட்டுக்கு வந்திருந்த ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். கோவண்டி சிவாஜி நகரில் குடியிருப்பவர். கூட்டம் கலைந்ததும் பேசியவரிடம் நேரே போய், “அண்ணாச்சி, நாங்க அங்கனதான் இருக்கோம்” என்றார். குரலில் கோபம் இல்லை. பேசியவருக்குப் பதில் வரவில்லை. எனக்கும் வரவில்லை.

அன்று நான் கைதட்டியது தப்பு. அந்தத் தப்பை நேர்செய்யவே இதை எழுதுகிறேன்.

தேவ்நாரைப் பற்றி மும்பையில் பரவிக் கிடக்கும் பேச்சு இதுதான்: ஆதியில் அது ஆளில்லாத சதுப்பு, நகரம் தன் குப்பையை அங்கே கொட்டியது, குப்பையை நம்பி வெளியூர்க்காரர்கள் வந்து நிலத்தைப் பிடித்தார்கள், பிள்ளைகளாகப் பெற்றுப் பெருகினார்கள், அப்படியும் இன்னும் நிலம் காலியாகக் கிடக்கிறது, வேண்டிய ஆளைக் குடியேற்றலாம். பத்திரிகையில் படித்திருப்பீர்கள். செம்பூரில் வீடு பார்க்கப் போனால் தரகர் வாயிலும் கேட்கலாம். ஒன்றை மறுத்தால் அடுத்ததைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அதனால் ஒவ்வொன்றாகவே எடுக்கிறேன்.

“ஆதியில் அங்கே யாரும் இல்லை.”

பம்பாயின் ஏழு தீவுகள் என்று பள்ளியில் படித்தோமே, அவற்றில் தேவ்நார் சேராது. அது சால்செட்டை ஒட்டியிருந்த ட்ராம்பே தீவின் ஊர். செம்பூர், காட்லா, போர்லா, கோவண்டி, மான்குர்து, மண்டாலா, மாகுல், ஆணிக் என்று அந்தத் தீவு நெடுகச் சிற்றூர்கள் இருந்தன. கழிமுகத்தில் மீன் பிடித்த கோலிகள், உப்பளத்திலும் நெல்வயலிலும் பாடுபட்ட ஆக்ரிகள், போர்த்துக்கீசியர் காலத்தில் கிறித்தவத்துக்கு மாறி இன்று ஈஸ்ட் இந்தியன் என்று தங்களைச் சொல்லிக்கொள்கிற மராத்தி பேசும் குடும்பங்கள், இவர்கள்தான் அந்தத் தீவின் பழங்குடிகள். 1737-இல் மராட்டியர் சால்செட்டைப் போர்த்துக்கீசியரிடமிருந்து பிடித்தார்கள். 1774-இல் கிழக்கிந்தியக் கம்பெனி அதைக் கைப்பற்றியது. ஆண்டவர்கள் மாறிய காலம் முழுவதும் இந்த ஊர்களில் விதைப்பும் வலைவீச்சும் நடந்துகொண்டுதான் இருந்தன.

நம் ஊர்ப்பக்கம் வருவாய்த்துறைப் பதிவில் கிராம நத்தம் என்று ஒன்று வரும். விளைநிலம் வேறு, சனங்கள் வீடு கட்டிக் குடியிருக்கும் நத்தம் வேறு. மராட்டியத்தில் அதற்குக் காவ்டாண் என்று பெயர். தேவ்நாருக்கும் காவ்டாண் உண்டு. கோவண்டி நிலையத்தில் இறங்கி, டாடா சமூக அறிவியல் கழகம் இருக்கும் பக்கமாக நடந்து பாருங்கள். தேவ்நார் வில்லேஜ் ரோடு என்று ஒரு தெரு, தேவ்நார் ஃபார்ம் ரோடு என்று இன்னொன்று. ஊரும் வயலும் இருந்ததைத் தெருப்பெயர்களே சொல்லிக்கொண்டிருக்கின்றன.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். குப்பைக் கிடங்கு தேவ்நார் கிராமத்தில் இல்லை. ரயில் தண்டவாளத்துக்கு ஒரு பக்கம் ஊர். தண்டவாளத்தைத் தாண்டி, காட்கோபர்–மான்குர்து இணைப்புச் சாலையையும் தாண்டிப் போனால், சிவாஜி நகர், பைங்கன்வாடி, ரஃபீக் நகருக்குப் பின்னால், தாணே கழிமுகத்தை ஒட்டிக் கிடங்கு. ஊருக்கும் அதற்கும் இடையில் இரண்டு மூன்று கிலோமீட்டர். நகரம் தன் கழிவுக்கு ஓர் ஊரின் பெயரை வைத்துவிட்டது; பிறகு அந்தக் கழிவே அந்த ஊர் என்று பேச ஆரம்பித்தது. தேவ்நாரில் பெண் எடுக்கப் போகிறோம் என்றால் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் வீட்டுக் குப்பையும் அங்கேதான் போகிறது.

“நகரத்தின் ஓரத்தில் நகரத்துக் குப்பை, அதில் என்ன தவறு?”

அன்று அது நகரத்தின் ஓரமே அல்ல. 1896-இல் பம்பாயில் பிளேக் வந்தது. தெருவில் நாறிய குப்பையை நகரத்துக்கு வெளியே தள்ளினால்தான் நோய் போகும் என்று முடிவெடுத்த மாநகராட்சி, 1897-இல் செம்பூரில் 823 ஏக்கர் சதுப்பு நிலத்தை வாங்கியது. சில ஆண்டுகளில் குப்பை ரயில் ஓடத் தொடங்கியது. இன்று ஹார்பர் லைன் என்று நாம் நெரிசலில் தொங்கிப் போகும் பாதையில் குர்லாவுக்கும் செம்பூருக்கும் இடைப்பட்ட துண்டு முதலில் குப்பை ஏற்றிப் போன தடம். மனிதர்கள் பயணம் செய்ய அது திறந்துவிடப்பட்டது 1924-இல்தான். தேவ்நார் கிடங்கு வந்தது 1927-இல். பம்பாய் மாநகராட்சியின் எல்லை இந்தப் புறநகர்களுக்கு நீண்டது 1950-இல். இந்த ஆண்டுகளை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். மாநகராட்சித் தேர்தலில் ஓட்டுப்போடும் உரிமையோ, கேள்வி கேட்க ஓர் உறுப்பினரோ இல்லாத காலத்திலேயே இந்த ஊர்க்காரர்களின் வாசலில் நகரம் தன் குப்பையைக் கொண்டு வந்து இறக்கியது. இதை வளர்ச்சியின் இயல்பு என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அடுத்தவன் முற்றத்தில் கொட்டிவிட்டு, இருபத்து மூன்று வருடம் கழித்து அந்த முற்றத்தையும் தன் வீட்டோடு சேர்த்துக்கொண்ட கதை இது.

“குப்பையை நம்பி வந்து நிலத்தை ஆக்கிரமித்தவர்கள்.”

தமிழர்களுக்கு இந்த வாதத்தில் நேரடிப் பங்கு இருக்கிறது. அதனால் இங்கே கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

மும்பைத் தமிழர் என்றால் மாதுங்கா, தாராவி, செம்பூர் என்று மூன்று பெயரோடு முடித்துக்கொள்கிறோம். தேவ்நாரும் சீத்தா கேம்பும் நம் நாவில் வருவதில்லை. ட்ராம்பேயில் இருக்கும் சீத்தா கேம்பில் தமிழ் கேட்காத சந்து குறைவு. அங்கே தமிழர் எப்படி வந்தார்கள்?

சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில், நகரத்தின் பல மூலைகளில் குடிசை போட்டிருந்தவர்களை அகற்றி, மான்குர்துப் பக்கம் சதுப்பில் கொண்டு வந்து விட்டார்கள். அது ஜனதா காலனி என்று வளர்ந்தது. சதுப்பை மண் போட்டு நிரப்பித் தரையாக்கியவர்கள் அங்கே விடப்பட்டவர்கள்தான். அதே வட்டாரத்தில் 1954-இல் அணுசக்தி நிலையம் நிறுவப்பட்டது. பிற்பாடு பாபா அணு ஆராய்ச்சி மையம் என்று பெயர் பெற்ற நிறுவனம் அது. காலனி இருந்த நிலம் அதற்கு வேண்டும் என்றார்கள். எழுபதுகளின் முற்பகுதி முழுக்க வழக்கும் மனுவும் மறியலுமாகப் போனது. முன்னால் நின்றவர் கோலார் தங்கவயலிலிருந்து பிழைக்க வந்த இளைஞர், ஜோக்கின் அற்புதம். காலனிக்குக் குப்பை வண்டி வராதபோது குழந்தைகளைச் சேர்த்துக்கொண்டு, குப்பையை அள்ளிப்போய் மாநகராட்சி அலுவலக வாசலில் கொட்டியவர் அவர். தேவ்நாரின் கதையை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை. 1974-இல் தேசியக் குடிசைவாழ்வோர் கூட்டமைப்பு அவரால் உருவாயிற்று. 2000-இல் மகசேசே விருது, 2011-இல் பத்மஸ்ரீ. 2018 அக்டோபரில் காலமானார். மும்பையில் எத்தனை தமிழ்ச் சங்க மண்டபங்களில் அவர் படம் மாட்டியிருக்கிறது என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

அவ்வளவு போராடியும், நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 மே 17-இல் ஜனதா காலனியை இடித்தார்கள். ஏறக்குறைய 70,000 பேர். லாரியில் ஏற்றி மறுபடியும் ஒரு சதுப்பில் இறக்கினார்கள். அதுதான் சீத்தா கேம்ப். ஒரே குடும்பத்தை அரசே இரண்டு முறை பெயர்த்து, இரண்டு முறையும் சேற்றில் நட்டிருக்கிறது. இதற்கு எந்த அகராதியில் ஆக்கிரமிப்பு என்று பெயர்?

சிவாஜி நகருக்கு வருவோம். வானத்திலிருந்து எடுத்த படத்தைப் பாருங்கள். நேர்க்கோட்டில் தெருக்கள், அளவெடுத்த சின்னச் சின்ன மனைகள், கட்டம் போட்ட நோட்டுப் புத்தகத் தாள் போல இருக்கும். திருட்டுத்தனமாக நிலம் பிடிக்கிறவன் நூல் பிடித்துத் தெரு போடுவதில்லை. எழுபதுகளில் மாநகராட்சி மனை பிரித்து, நகரத்தின் வேறு பகுதிகளிலிருந்து அகற்றியவர்களைக் கொண்டு வந்து வைத்த குடியேற்றம் அது. பின்னால் இடம் போதாமல் ஓரங்களில் பரவியவர்கள் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. முதல் வரைபடம் அரசு போட்டது.

1971-இல் பாந்த்ராவிலிருந்த இறைச்சிக் கூடத்தைத் தேவ்நாருக்கு மாற்றினார்கள். சென்னைக்காரர்கள் ஆட்டுத்தொட்டி என்பார்களே, அது. 64 ஏக்கர். தொழிற்கூடம் நகர்ந்தால் தொழிலாளி நகராமல் என்ன செய்வான்? அறுப்பவர், தோல் உரிப்பவர், சுமப்பவர், வண்டி ஓட்டுபவர் எல்லோரும் அதன் பின்னால் வந்தார்கள். தாராவியின் தோல் தொழில் பாந்த்ராவை நம்பி வளர்ந்தது. அதில் திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம்களின் பங்கு எல்லோரும் அறிந்தது. தோல் பதனிடும் கூடங்களையும் தேவ்நாருக்கே போகச் சொன்னார்கள். தாராவிக்கும் தேவ்நாருக்கும் தொப்புள்கொடி அன்றே உண்டு.

பிறகு இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டு. ரயில் பாதைகளை அகலப்படுத்தவும் சாலைகளை விரிக்கவும் தண்டவாள ஓரக் குடிசைகளை அகற்றி, பல்லாயிரம் குடும்பங்களை இந்தப் பக்கத்து அடுக்குமாடிகளில் வைத்தார்கள். மான்குர்தில் லல்லுபாய் காம்பவுண்ட், கோவண்டியில் நட்வர் பாரேக் காம்பவுண்ட், செம்பூரை ஒட்டி வாஷி நாக்கா. கட்டடத்துக்கும் கட்டடத்துக்கும் இடைவெளி 3 மீட்டர்தான். கீழ்மாடி வீட்டில் பகலிலும் விளக்கு வேண்டும். இந்தக் குடியிருப்புகளை ஆராய்ந்து 2018-இல் வெளிவந்த ஆய்வு, வெயிலும் காற்றும் புகாத வீடுகளில் காசநோய் அதிகம் என்று கண்டது. ‘பக்கா வீடு கொடுத்துவிட்டோம்’ என்று மார்தட்டுகிறவர்கள் அந்தச் சந்தில் ஒரு நாள் நின்று மேலே பார்க்க வேண்டும். வானம் ஒரு கோடாகத் தெரியும்.

ஆக, குப்பையும் நகரம் அனுப்பியது. ஆட்களில் பெரும்பகுதியையும் நகரம் அனுப்பியது.

“பெற்றுப் பெருகினார்கள்.”

அமெரிக்காவில் சில மாநிலங்களில் சிற்றூர் எல்லைப் பலகையில் ஊர்ப் பெயருக்குக் கீழே அங்கே எத்தனை பேர் வாழ்கிறார்கள் என்ற எண்ணையும் எழுதி வைப்பார்கள். முந்நூறு பேர் இருக்கும் ஊரும் தன் எண்ணைச் சாலையில் போகிறவருக்குக் காட்டி நிற்கும். அங்கே அந்த எண் ஊரின் இருப்புக்குச் சான்று. தேவ்நாரில் எண் என்றால் குற்றச்சாட்டு. ‘ஜனத்தொகை வெடிப்பு’ என்று சொல்லிவிட்டால் பேச்சு முடிந்துவிடும்.

இந்தக் குற்றச்சாட்டை எங்கே நின்று சொல்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். இந்தியாவில் மக்கள்தொகையைப் பற்றிப் படிக்கவும் கணக்கிடவும் இருக்கும் தலையாய நிறுவனமே தேவ்நாரில்தான் இருக்கிறது. 1956 ஜூலையில் இந்திய அரசு, சர் தொராப்ஜி டாடா அறக்கட்டளை, ஐக்கிய நாடுகள் சபை மூன்றும் சேர்ந்து தொடங்கிய மையம் அது. இன்று சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் என்று பெயர். தேசியக் குடும்பநல ஆய்வை நடத்துகிறவர்கள் அவர்கள். கோவண்டி நிலையச் சாலையில் அவர்கள் வாசலைக் கடந்துதான் ஆயிரம் பேர் ரயிலுக்கு ஓடுகிறார்கள்.

அந்த ஆய்வையே எடுத்துக்கொள்வோம். 1992-93-இல் நடந்த முதல் சுற்றில் இந்தியப் பெண் ஒருவருக்குச் சராசரியாக 3.4 குழந்தைகள். 2019-21-இல் 2.0. இந்தப் பேச்சு யாரைக் குறிவைத்து வருகிறது என்பது எல்லோருக்கும் தெரியும் என்பதால் அதையும் சொல்கிறேன்: முஸ்லிம் பெண்களுக்கு முதல் சுற்றில் 4.4, ஐந்தாம் சுற்றில் 2.36. முப்பது ஆண்டுக்குள் நடந்த சரிவு இது. மகாராஷ்டிரம் முழுமைக்கும் ஐந்தாம் சுற்றில் 1.7.

இனி வார்டுக் கணக்கு. தேவ்நார் இருக்கும் எம் கிழக்கு வார்டில் 2001-இல் 6.75 லட்சம் பேர். 2011-இல் 8.08 லட்சம். பத்தாண்டில் சுமார் 20 விழுக்காடு வளர்ச்சி. அதே பத்தாண்டில் இந்தியாவின் வளர்ச்சி ஏறக்குறைய 18 விழுக்காடு. ரயிலோரத்திலிருந்தும் சாலையோரத்திலிருந்தும் பெயர்த்து வந்த பல்லாயிரம் குடும்பங்களைச் சேர்த்த பிறகும், நாட்டின் சராசரியை இரண்டு புள்ளிதான் தாண்டியிருக்கிறது. அப்படியானால் அந்த ‘வெடிப்பு’ பிரசவ வார்டில் நடக்கவில்லை. மறுகுடியேற்ற லாரியில் வந்து இறங்கியது. அதே காலத்தில் மும்பை நகர மாவட்டம், அதாவது தெற்கு மும்பை, 33.4 லட்சத்திலிருந்து 30.9 லட்சமாகக் குறைந்தது. அங்கே குறைந்தவர்கள் பிறக்காமல் போகவில்லை. வாடகை தாங்காமலும், இடிக்கப்பட்டும், வடக்கேயும் கிழக்கேயும் போனார்கள்.

“அந்த வார்டில் மனிதர்கள் 39 வயதுதான் வாழ்கிறார்கள்.”

இது தேவ்நார் மேல் இரக்கம் உள்ளவர்களும் சொல்வது. கூட்டங்களில் கேட்டிருப்பீர்கள். இரக்கத்தோடு சொன்னாலும் தவறு தவறுதான், அதனால் இதையும் மறுக்கிறேன். அந்த 39, இறந்தவர்களின் சராசரி வயது. ஆயுள் எதிர்பார்ப்பு என்பது வேறு கணக்கு. வயதானவர்கள் குறைவாகவும் இளம் தம்பதிகளும் குழந்தைகளும் நிறைவாகவும் உள்ள குடியேற்றத்தில், அங்கே நேரும் சாவுகளில் குழந்தைகளின் பங்கும் இளைஞர்களின் பங்கும் கூடுதலாகத் தெரியும். சராசரி கீழே இறங்கும். முதியவர்கள் நிறைந்த மலபார் ஹில்லில் அதே சராசரி மேலே ஏறும். இதே முறையில் மும்பை முழுமைக்கும் போட்டால் ஐம்பதைச் சற்றுத் தாண்டிய எண்தான் வரும். மும்பைக்காரர் ஐம்பத்து சொச்சம் வயதில் செத்துப்போகிறார் என்று யாராவது நம்புவார்களா?

அங்கே சாவு மலிவில்லை என்று நான் வாதாடுவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 2009-ஆம் ஆண்டுக்கான மும்பை மனித மேம்பாட்டு அறிக்கையில் 24 வார்டுகளில் கடைசி இடம் எம் கிழக்குக்குத்தான், குறியீடு 0.05. வார்டு மக்களில் முக்கால் பங்குக்கும் மேல் குடிசைப் பகுதிகளில். காசநோய், குழந்தைச் சாவு, கிணற்று நீரை லாரியில் விற்கிறவர்களிடம் குடம் குடமாக வாங்கும் தாய்மார், இவையெல்லாம் கண்ணால் பார்க்கக் கிடைப்பவை. கண்ணால் பார்க்கக் கிடைக்கும் உண்மையே இவ்வளவு கனமாக இருக்கும்போது, தப்பான ஓர் எண்ணைத் தூக்கிப்பிடிப்பது ஏன்? ‘இவர்கள் சீக்கிரம் செத்துப்போகிற ஜனம்’ என்ற எண்ணம் ஊரில் ஒரு முறை பதிந்துவிட்டால், அவர்களுக்காக ஓர் ஆஸ்பத்திரி கேட்கும் குரல் வலுவிழந்துவிடும்.

“தீ வைப்பது பொறுக்குகிறவர்கள்தான்.”

2016 ஜனவரி 28-இல் கிடங்கு பற்றி எரிந்தது. புகை நாள்கணக்கில் நகரத்தின் மேல் நின்றது. விண்வெளியிலிருந்து எடுத்த படத்தில்கூடத் தெரிந்தது. பழைய சாமான் வியாபாரிகள் சிலரைக் காவல்துறை பிறகு கைது செய்தது உண்மை. யாரோ ஒருவர் தீக்குச்சியைக் கிழித்திருக்கலாம். எரிந்தது மீத்தேன். காய்கறிக் கழிவையும் பிளாஸ்டிக்கையும் பிரிக்காமல் தொண்ணூறு ஆண்டு குவித்த மேட்டுக்குள் ஊறிய வாயு அது. பம்பாய் உயர்நீதிமன்றம் அதே ஆண்டு பிப்ரவரி 29-இல் நகரத்தில் புதுக் கட்டுமானங்களுக்கு அனுமதி தருவதையே நிறுத்தி வைத்தது. கழிவுகளைக் கையாளும் சட்ட விதிகளை மாநகராட்சி நிறைவேற்றவில்லை என்பது காரணம். பொறுக்குகிற பெண்கள் மேல் நீதிமன்றம் கை நீட்டவில்லை. அவர்கள் எடுத்த ஒவ்வொரு கிலோ பிளாஸ்டிக்கும் அந்த மேட்டிலிருந்து குறைந்த ஒரு கிலோ. அது தாராவி 13-ஆம் காம்பவுண்டுக்குப் போய், கழுவி, அரைத்து, மறுபடி பொருளாகி நம் வீட்டுக்கே வருகிறது. தீக்குப் பின் மதில் கட்டி அவர்களை வெளியே நிறுத்தினார்கள். பிரிக்காத குப்பை அதே வாசல் வழியாக உள்ளே போய்க்கொண்டிருந்தது.

“இன்னும் நிலம் காலியாகத்தான் இருக்கிறது.”

எல்லாம் வந்து நிற்பது இங்கேதான். 2024 அக்டோபரில் மகாராஷ்டிர அரசு, தாராவி மறுசீரமைப்புக்காகத் தேவ்நார் கிடங்கு நிலத்தில் 124 ஏக்கரை ஒதுக்கியது. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் தாராவிக்குள்ளேயே வீடு. அதன் பிறகு வந்தவர்களும் மேல்தளத்தில் இருப்பவர்களும் வெளியே போக வேண்டியவர்கள். கிடங்கில் குவிந்திருப்பது 185 லட்சம் டன் பழங்குப்பை. அதை அகற்ற மாநகராட்சி போட்ட மதிப்பு 2,368 கோடி ரூபாய். 185 லட்சம் டன் சுமக்கும் நிலத்தைக் காலி என்று சொல்ல எப்படி மனம் வருகிறது? குப்பையை அள்ளியபின் காலி ஆகும் என்பார்கள். நூறு ஆண்டு கசிந்த நஞ்சு மண்ணில் இறங்கியிருக்கும், அடியில் சதுப்பு இருக்கும், அருகில் கழிமுகம் இருக்கும். அதை ஒட்டி, மதிலுக்கு இந்தப் பக்கம், சிவாஜி நகரும் ரஃபீக் நகரும் பைங்கன்வாடியும் ஏற்கனவே இருக்கின்றன. ஒரு குடம் தண்ணீருக்கு வரிசையில் நிற்பவர்களின் வரிசையை இன்னும் நீளமாக்குவதற்குப் பெயர் மறுவாழ்வு ஆகாது.

1947-ஐ ஒட்டி, 1971-இல், 1976-இல், 2000-க்குப் பின், இப்போது மறுபடியும். இந்த நகரம் எதை வேண்டாம் என்கிறதோ அதை அங்கே அனுப்புகிறது, யாரை வேண்டாம் என்கிறதோ அவரையும் அங்கேயே அனுப்புகிறது. அனுப்பிவிட்டு ‘அங்கே இருப்பவர்கள் எல்லாம் வந்தேறிகள்’ என்கிறது. தேவ்நாரில் குடியேறியவர்களில் கணிசமானோர் மும்பையிலிருந்தே வந்தவர்கள். அவர்களின் சொந்த ஊர் பரேல், பாந்த்ரா, மாஹிம், ஜனதா காலனி.

தாராவித் தமிழர்களுக்கும், அங்கே கூட்டம் போடுகிற சங்கங்களுக்கும், அன்று மேடையில் நின்ற அண்ணாச்சிக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் எதிர்ப்பு நியாயமானது, நானும் உங்களோடு நிற்கிறேன். ‘அது மனுசன் இருக்கிற இடமா’ என்ற வரியை மட்டும் மனுவிலிருந்து எடுத்துவிடுங்கள். 2027-இல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வருகிறது. அந்த மேட்டின் அடிவாரத்தில் எத்தனை லட்சம் மனுசர் என்பது அதில் தெரியவரும். எங்களை அங்கே அனுப்பாதே என்று எழுதுங்கள். அதற்கு அடுத்த வரியில், அங்கே ஏற்கனவே இருப்பவர்களுக்குத் தண்ணீர் கொடு, ஆஸ்பத்திரி கொடு, குப்பையை அள்ளு என்று எழுதுங்கள். அந்த அக்காவிடம் கையெழுத்து வாங்க நானே சிவாஜி நகருக்கு வருகிறேன்.